பேட்டை பேட்டையாக துபாய்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் தெருவில் நாலு வீட்டுக்காவது துபாயோடு ஒரு கணக்கு இருக்கும். ஆனால் பத்து வருடமாக அங்கே சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருப்பவரிடம் "வந்தால் என்ன பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். புர்ஜ் கலீஃபா, தங்கக் கடை, அவ்வளவுதான் பதில். அவரைக் குறை சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு நாள் லீவு, அன்றைக்குத் துணி துவைக்கணும், தூங்கணும், வீட்டுக்குப் பேசணும். அதனால் பிள்ளையைப் பார்க்க விசிட் விசாவில் போகும் அம்மா அப்பா, வாப்பா உம்மா, மனைவி மக்கள் எல்லாரும் அவர் கூட்டிப்போகும் நாள் வரை அறைக்குள்ளேயே உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இது அவர்களுக்காக எழுதியது. யாரும் கூட்டிப்போகாமலே நீங்களாகச் சுற்றலாம், மொழிப் பிரச்சினையும் பெரிதாக இல்லை, தமிழ் தெரிந்த ஆள் நாலு கடைக்கு ஒரு கடையில் இருப்பார்.

ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துபாயை உப்பங்கழியிலிருந்து (தேராவுக்கும் பர் துபாய்க்கும் நடுவில் ஓடும் கிரீக்) வெளியே போகிற மாதிரி பாருங்கள், கோபுரங்களிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஊர் வளர்ந்த வரிசையும் அதுதான், செலவு ஏறும் வரிசையும் அதுதான்.

முதல் படி: எப்போது, எப்படிப் போவது

நவம்பர் முதல் மார்ச் வரைதான் சரியான காலம். "நாங்கள் ராமநாதபுரம் வெயிலையே பார்த்தவர்கள்" என்று ஜூலையில் டிக்கெட் போடாதீர்கள். நாற்பது டிகிரிக்கு மேல் வெயில், கூடவே கடல் ஈரம் வேறு, ராத்திரி பத்து மணிக்கும் சட்டை உடம்போடு ஒட்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியான நேரத்தில் திறந்தவெளி வேலையையே அரசு தடுத்து வைத்திருக்கிறது என்றால் நீங்களே யோசியுங்கள். ரமலானில் போவதும் நல்ல அனுபவம்தான், ராத்திரி ஊரே விழித்திருக்கும், ஆனால் பகலில் பொது இடத்தில் சாப்பிடாமல் இருப்பதுதான் மரியாதை.

விமானம் மதுரை, திருச்சி, திருவனந்தபுரம், சென்னை என்று எதிலிருந்தும் பிடிக்கலாம். அந்தந்த நேரத்து விலையையும் நேரடி விமானமா என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை கிட்டம், ஆனால் திருச்சிக்கு விமானங்கள் அதிகம். விசா 30 நாள், 60 நாள் என்று கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் முகவரியும் கையில் காகிதமாகவே இருக்கட்டும், விமான நிலையத்தில் கேட்பார்கள். விசா முடிந்து தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று யாராவது ஏஜென்ட் பணம் கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: பெட்டியில் எது போகலாம், எது கூடாது

கசகசா கூடாது. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். நம் வீட்டில் குருமாவுக்கும் பிரியாணி மசாலாவுக்கும் அரைப்பதுதான், ஆனால் அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், கைதாகும் அளவுக்கு விஷயம். அரைத்த மசாலாப் பொடி கொடுத்தனுப்பினால் அதில் கசகசா இல்லை என்று அரைத்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சில வலி மாத்திரை, இருமல் மருந்து, தூக்க மாத்திரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு, டிராமடால், கோடீன் கலந்தவை முக்கியமாக. தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சீட்டோடு, அட்டையோடு கொண்டுபோங்கள், சந்தேகமான மருந்துக்கு முன்கூட்டியே அங்குள்ள சுகாதாரத் துறையில் அனுமதி வாங்கவேண்டும்.

பக்கத்துத் தெருக்காரர் "என் மச்சானுக்கு இந்தப் பார்சலை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்று நீட்டினால், பிரித்துக் காட்டாத எதையும் வாங்காதீர்கள். மனஸ்தாபம் வந்தால் வரட்டும். தொதல் இனிப்பு என்றால் தாராளமாகக் கொண்டுபோங்கள், அங்கே ஊர்க்காரர்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் செய்தி போகும், ஆனால் பேசும் அழைப்பு அங்கே போகாது. போட்டிம் செயலியை இங்கேயே ஏற்றி, வீட்டில் இருப்பவர்கள் போனிலும் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பேட்டையில் தங்குவது

பிள்ளை பெட்ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) இருந்தாலோ, சோனாப்பூர் பக்கம் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தாலோ அங்கே குடும்பத்தோடு தங்க முடியாது. ஓட்டல்தான். அதற்கு என் முதல் தேர்வு தேரா. அதிலும் அல் ரிக்கா, யூனியன் மெட்ரோ, பனியாஸ் சதுக்கம் இந்த மூன்றுக்கும் நடுவில் பாருங்கள். நடந்தே சாப்பாடு, நடந்தே மெட்ரோ, நடந்தே பள்ளிவாசல். நைஃப் இன்னும் மலிவு, ஆனால் நெரிசல், சத்தம், சில ஓட்டல்களில் கீழ்த்தளத்தில் பார் இருக்கும், குடும்பத்தோடு போகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாடு முக்கியம், அமைதியும் வேண்டும் என்றால் கராமா, இல்லையென்றால் பர் துபாய். சரவண பவன் மாதிரி பழகிய பெயர்களும், கேரளக் கடைகளும், வத்தக்குழம்புக்குப் பொடி விற்கும் மளிகைக் கடையும் அங்கே ஒரே தெருவில் அமையும். மரினா, ஜுமைரா பக்கம் அழகுதான், காசும் அதே அளவுக்கு. ஷார்ஜாவில் அறை விலை குறையும் என்று போகிறவர்கள் உண்டு. காலையிலும் மாலையிலும் ஷார்ஜா சாலையில் நிற்கும் நேரத்தை அந்த மிச்சத்திலிருந்து கழித்துப் பாருங்கள். ஓட்டல் பில்லில் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை சுற்றுலாக் கட்டணம் என்று ஒன்று தனியாக வரும், ஏமாற்று இல்லை, அரசுக் கட்டணம்.

நான்காம் படி: நோல் கார்டு

இறங்கியவுடன் ஆளுக்கொரு வெள்ளி நோல் கார்டு. விலை 25 திர்ஹாம், அதில் 19 பயணத்துக்கு உள்ளேயே இருக்கும். மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. தூரத்தைப் பொறுத்து 3, 5, 7.50 திர்ஹாம், நாள் முழுக்கச் சுற்ற 20 திர்ஹாம் பாஸ். டாக்சியில் ஏறி உட்கார்ந்தாலே ஆகும் குறைந்தபட்சக் கட்டணத்தில் மெட்ரோவில் போய்வந்துவிடலாம். டெர்மினல் 1, 3 இரண்டிலும் மெட்ரோ நிலையம் இருக்கிறது, டெர்மினல் 2இல் இல்லை, அங்கே இறங்கினால் பஸ் அல்லது டாக்சி.

2009இல் ஓட ஆரம்பித்த இந்த மெட்ரோவில் ஓட்டுநர் கிடையாது, முன் பெட்டியில் நின்றால் பிள்ளைகள் இறங்கவே மாட்டார்கள். பெண்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, இளஞ்சிவப்புக் கோடு தாண்டி ஆண்கள் நின்றால் அபராதம். உள்ளே மிட்டாய், சூயிங்கம், தண்ணீர் எதுவும் வாயில் போடக்கூடாது, அதற்கும் 100 திர்ஹாம். சாலையை நினைத்த இடத்தில் கடந்தால் 400. சிவப்பு வழி, பச்சை வழி என்று இரண்டு, யூனியனிலும் புர்ஜுமானிலும் மாறிக்கொள்ளலாம். ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் வண்டி ஆரம்பிக்கும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

ஐந்தாம் படி: தேராவை நடந்து பாருங்கள்

மாலை நாலு மணிக்கு மேல் பச்சை வழியில் அல் ராஸ் நிலையத்தில் இறங்குங்கள். மத்தியானம் நிறையக் கடைகள் சாத்தியிருக்கும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எல்லாமே சாத்தியிருக்கும். முதலில் மசாலாச் சந்தை. ஏலம், குங்குமப்பூ, காய்ந்த எலுமிச்சை, ஓமானிலிருந்து வரும் குங்கிலியம் என்று சாக்குச் சாக்காக வாசலில் வைத்திருப்பார்கள். முதல் கடையில் வாங்காதீர்கள், முதலில் சொல்லும் விலைக்கும் வாங்காதீர்கள். அப்புறம் பக்கத்துச் சந்துகளில் 1912இல் தொடங்கிய அல் அஹ்மதியா பள்ளிக்கூடம், துபாயின் முதல் முறையான பள்ளி, முத்து வியாபாரி ஒருவர் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தாலும் போதும்.

அங்கிருந்து தங்கச் சந்தை. ஒரு கடைக் கண்ணாடிக்குள் நஜ்மத் தைபா என்று 21 காரட்டில் சுமார் 64 கிலோ எடையில் ஒரு மோதிரம் வைத்திருந்து உலகச் சாதனைப் புத்தகத்தில் ஏறிய சந்தை இது. கூட்டம் முழுக்கப் போட்டோ எடுக்கத்தான் நிற்கும். வாங்குவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதல் நாளே வாங்கவேண்டாம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது உப்பங்கழி ஓரம். மரத் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் டயர், வாஷிங் மெஷின், அரிசி மூட்டை என்று கரையிலேயே அடுக்கி வைத்து ஏற்றுவார்கள். தொண்டியிலும் கீழக்கரையிலும் தோணி வியாபாரம் இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான். நம் ஊர்க்காரர்கள் இந்தப் பக்கம் வேர்விட்டது சும்மா இல்லை, முத்தும் சங்கும் தோணியும் தெரிந்தவர்களுக்கு இது பழகிய துறைமுகம். கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1973இல் தொடங்கிவைத்த ஈ.டி.ஏ நிறுவனம் வழியாக இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் நம் கரையில் ஏராளம்.

இன்னொரு காலையில் வாட்டர்ஃப்ரண்ட் மார்க்கெட்டுக்குப் போங்கள். பழைய தேரா மீன் சந்தை 2017இல் குளுகுளு கட்டிடத்துக்கு மாறிவிட்டது. அங்கே ஹமூர் என்று எழுதியிருப்பது நம் கலவா, ஷேரி என்பது விளமீன், சாஃபி நம் ஓரா. மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சுத்தம் செய்து தரவும் ஆள் உண்டு. மீனைக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற விதத்திலேயே நீங்கள் கடற்கரைக்காரர் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், விலையும் ஒழுங்காக வரும்.

ஆறாம் படி: ஒரு திர்ஹாமில் அக்கரைக்கு

தேராவிலிருந்து பர் துபாய்க்கு அப்ரா படகு. கட்டணம் ஒரு திர்ஹாம், சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். துபாயில் கொடுக்கும் காசுக்கு மேல் கிடைக்கும் ஒரே விஷயம் இதுதான் என்பேன். சூரியன் இறங்கும் நேரத்தில் போனால் இரண்டு கரையிலிருந்தும் பாங்கு சத்தம் தண்ணீர் மேல் வரும்.

அக்கரையில் துணிச் சந்தையைக் கடந்து அல் ஃபஹீதி பழைய குடியிருப்பு. இங்கே அவசரப்படாதீர்கள். வீட்டின் மேல் சதுரமாக எழும்பி நிற்பவை காற்றுக் கோபுரங்கள். நாலு பக்கமும் திறப்பு, உள்ளே குறுக்குத் தடுப்பு, எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும், சூடான காற்று மறுபக்கம் மேலே போய்விடும். மின்சாரம் வருவதற்கு முன்னால் ஏசி இதுதான். சுவரை உற்றுப் பாருங்கள், கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறைக் கல். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டை ஓட்டையான கல்லை உடனே அடையாளம் தெரியும்.

கொஞ்சம் தள்ளி ஷிந்தகா அருங்காட்சியகம். முத்துக்குளிப்புப் பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள். காலில் கல் கட்டி, மூக்கில் இடுக்கி மாட்டி, கயிற்றைப் பிடித்து இறங்கிய ஆட்களின் கதை, மன்னார் வளைகுடாவில் குளித்தவர்களின் கதையேதான். 1930களில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து இந்த ஊரின் பிழைப்பை முறித்துப்போட்டன. எண்ணெய் கிடைத்தது 1966இல்தான், நடுவில் முப்பது வருடம் கஷ்டம். அதே 1966 வரை இங்கே புழங்கிய பணம் ரூபாய் என்பதும் பலருக்குத் தெரியாது. வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி 1959 முதல் தனி நோட்டு அச்சடித்துக் கொடுத்தது.

பசித்தால் மீனா பஜார் பக்கம் நடந்தால் போதும். கரக் டீயை ஒரு பெட்டிக்கடையில் குடியுங்கள், ஓட்டலில் அல்ல.

ஏழாம் படி: கோபுரங்கள்

சரி, இப்போது போகலாம். சிவப்பு வழியில் புர்ஜ் கலீஃபா நிலையம், அங்கிருந்து துபாய் மால் வரை மூடிய நடைபாதையில் நீண்ட நடை, முட்டிவலி உள்ளவர்கள் நகரும் பட்டையில் நின்றுகொண்டே போகலாம். 2010இல் திறந்த கட்டிடம், 828 மீட்டர். 124ஆம் மாடி வரை ஏறிப்பார்க்க டிக்கெட் உண்டு, சூரியன் மறையும் நேரத்துக்கு விலை கூடும், முன்பதிவு செய்யாமல் போகவேண்டாம். என்னைக் கேட்டால் மேலே ஏறவே தேவையில்லை. கீழே மாலையில் ஆடும் நீரூற்று இலவசம், மாலுக்குள் பிரம்மாண்டமான மீன்தொட்டியின் முன்கண்ணாடியும் இலவசம். உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஸபீல் பூங்காவில் உள்ள துபாய் ஃப்ரேமுக்குப் போங்கள். 150 மீட்டர்தான், ஆனால் ஒரு பக்கம் பழைய தேரா, மறுபக்கம் புதிய கோபுரங்கள், செலவும் குறைவு.

மரினா, பாம் ஜுமைரா, எதிர்கால அருங்காட்சியகம் இதெல்லாம் பிள்ளைகள் கேட்டால் ஒரு நாள் ஒதுக்குங்கள். குளோபல் வில்லேஜ் குளிர்காலத்தில் மட்டும் திறந்திருக்கும், நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

கடற்கரை? நம் ஆட்களுக்குக் கடலைக் காட்ட நான் யார். ஆனாலும் ஒன்று, தேவிபட்டினத்தில் சூரியன் கடலிலிருந்து ஏறும், அங்கே கடலுக்குள் இறங்கும், அதனால் மாலையில் போங்கள். கைட் பீச், அல் மம்ஸர் இரண்டும் குடும்பத்துக்கு ஏற்றவை. பெண்களை அனுமதியில்லாமல் போட்டோ எடுப்பது குற்றம், போனைத் தூக்கும் முன் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஜுமைரா பள்ளிவாசலில் மற்ற மதத்தவர்களையும் உள்ளே அழைத்து விளக்கிச் சொல்லும் சுற்று வெள்ளி தவிர மற்ற நாட்களில் நடக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஜபல் அலியில் 2022இல் திறந்த கோயில், பக்கத்திலேயே குருத்வாராவும் தேவாலயங்களும்.

எட்டாம் படி: பாலைவனம்

பாலைவனச் சவாரிக்குப் பதிவு செய்தால் மத்தியானம் மூன்று மணிவாக்கில் வண்டி ஓட்டலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். லஹ்பாப் பக்கம் சிவப்பு மணல். சாயல்குடிப் பக்கத்துத் தேரி மணலைப் பார்த்தவர்களுக்கு நிறம் புதிதில்லை, ஆனால் இது கண்ணுக்கு எட்டிய வரை அலை அலையாகப் போகும், ஒரு பனைமரம்கூட இல்லாமல். டயரில் காற்றை இறக்கிவிட்டு மேட்டில் ஏற்றிச் சரிவில் இறக்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள், வாந்தி வரும் பழக்கமிருந்தால் முன் சீட் கேளுங்கள். கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், கைக்குழந்தைகள் இந்த ஆட்டத்தில் வேண்டாம். நேரே கூடாரத்துக்குக் கூட்டிப்போகும் வண்டியும் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். விலையில் எதெல்லாம் சேர்த்தி, எதெல்லாம் தனி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒட்டகச் சவாரி, மருதாணி, கரியில் வாட்டிய இறைச்சி பெரும்பாலும் உள்ளே, மணல் பைக்கும் போட்டோவும் தனி.

இந்தச் சத்தம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு அல் குத்ரா. சொந்தக்காரர் யாரிடமாவது கார் இருக்கவேண்டும், பஸ் நம்பிப் போகமுடியாது. பாலைவனத்துக்கு நடுவில் வெட்டிய ஏரிகள், அரேபிய மான், பறவைகள், நுழைவுக் கட்டணம் கிடையாது. பாயும் பிரியாணிச் சட்டியும் எடுத்துக்கொண்டு மாலையில் போய், இருட்டியபிறகு திரும்பலாம். குப்பையை விட்டுவிட்டு வந்தால் அபராதம். பூநாரை பார்க்க அவ்வளவு தூரம்கூடத் தேவையில்லை, உப்பங்கழியின் கடைசியில் ராஸ் அல் கோர் சரணாலயத்தில் மறைந்து நின்று பார்க்கக் குடில் கட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் தனுஷ்கோடிக்கு வரும் அதே சாதிதான், பின்னால் மட்டும் வானுயரக் கட்டிடங்கள்.

ஒன்பதாம் படி: ஊருக்கு வெளியே

அபுதாபிக்கு அல் குபைபா நிலையத்திலிருந்து இ100 பஸ், மரினா தாண்டி இருப்பவர்களுக்கு இப்ன் பதூதாவிலிருந்து இ101. ஷேக் ஸாயித் பெரிய பள்ளிவாசல் இந்தப் பயணத்தில் நான் கட்டாயம் என்று சொல்லும் ஒரே இடம். 82 குவிமாடங்கள், ஐயாயிரத்து அறுநூறு சதுர மீட்டருக்கு மேல் கையால் முடிச்சிட்ட ஒரே கம்பளம், அனுமதி இலவசம், இணையத்தில் முன்பதிவு வேண்டும். பெண்கள் தலையை மூடித் தளர்வான உடையில் போகவேண்டும். 2024இல் திறந்த பாப்ஸ் இந்துக் கோயில் அபு முரைக்காவில், துபாய்க்கும் அபுதாபிக்கும் நடுவில், அதற்கும் முன்பதிவு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் காரில் போங்கள்.

ஷார்ஜாவில் ரோல்லா பகுதி ஞாயிறு மாலையில் நம் ஆட்களால் நிரம்பி வழியும். அங்கே இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகம் நன்றாக இருக்கும். ஹத்தா மலை, அணை, துடுப்புப் படகு எல்லாம் அழகுதான், இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பவர்கள் போகலாம்.

பத்தாம் படி: தங்கம்

அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான், பலகையில் ஓடும். பேரம் செய்கூலியில்தான். எடையை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள், பில்லில் காரட், எடை, கூலி, 5 சதவீத வாட் வரி எல்லாம் தனித்தனியாக வரட்டும். சுற்றுலா வந்தவர்களுக்கு அந்த வாட்டில் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும், ஆனால் கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்திருக்க வேண்டும்.

இப்போது முக்கியமானது. பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று எல்லாரும் சொல்வது, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு மட்டும். ஒரு மாதம் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊரிலிருந்து போட்டுக்கொண்டு போகும் நகைக்கு, கிளம்பும்போதே இங்கே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது அதுவும் புது நகையாகிவிடும். புதிதாக வாங்கியது இருந்தால் இங்கே இறங்கியதும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரியைக் கட்டுங்கள், பில்லைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.